காயில்ஓவர் மாட்டியாச்சு, இனி? ஸ்விஃப்ட் காரை அளந்து செட் செய்யும் முறை

காயில்ஓவர் என்பது ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்து, உயரத்தை மரையில் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன். அந்தக் கிட்டை வாங்கியவுடன் பலரும் முதலில் செய்வது, ஸ்பிரிங்கைத் தாங்கும் மரை வளையமான காலரைக் கீழே இறக்கி டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடுவது. வேலை கெடுவது அங்கேதான். முதலில் செட் செய்ய வேண்டியது டிராவல்: கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே போக எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, கீழே தொங்க எத்தனை இருக்கிறது என்ற கணக்கு. உயரம் அதற்குப் பிறகுதான் வரும். டிராவல் இல்லாத கார் எவ்வளவு விலையுயர்ந்த ஷாக் போட்டாலும் குதிக்கும், பம்ப் ஸ்டாப்பில் (ஓட்டத்தின் முடிவில் இருக்கும் ரப்பர் தடை) இடிக்கும், திருப்பத்தில் திடீரென்று பிடியை விடும்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட கார் 2018இல் இந்தியாவில் வந்த மூன்றாம் தலைமுறை மாருதி சுசூகி ஸ்விஃப்ட் பெட்ரோல். எடை ஏறத்தாழ 880 கிலோ, வீல்பேஸ் 2450 மி.மீ., கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). போலோ, ஐ20 போன்ற கார்களிலும் அடிப்படை அமைப்பு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

பின்பக்கத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டார்ஷன் பீம் ஸ்விஃப்டில் ஸ்பிரிங் தனியாக பீம் மேல் உட்கார்ந்திருக்கும், ஷாக் தனியாக நிற்கும். எனவே கிட்டின் பின்பாதி பெயரளவில்தான் காயில்ஓவர். உயரத்தை மாற்றுவது ஸ்பிரிங்கின் அடியிலோ மேலோ இருக்கும் மரைக் காலர். ஷாக்கின் நீளம் அதோடு சம்பந்தமில்லாமல் தனியாகச் செட் ஆகும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திருப்புவதால்தான் பின்பக்கத் தொல்லைகள் பாதி வருகின்றன.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

ஸ்பிரிங்கின் மேல் பெரும்பாலும் 62-180-5 போல எண்கள் அச்சிட்டிருக்கும்: உள்விட்டம் 62 மி.மீ., தளர்ந்த நிலை நீளம் 180 மி.மீ., கடினம் மில்லிமீட்டருக்கு 5 கிலோ. அதாவது 1 மி.மீ. அமுக்க 5 கிலோ வேண்டும். காருக்கு எந்த எண் சரி?

ஓட்டுபவரோடு சேர்த்து 950 கிலோ, அதில் 62 சதவீதம் முன்னால் என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 295 கிலோ. சக்கரம், ஹப், பிரேக் என்று ஸ்பிரிங் சுமக்காத எடையாக 30 கிலோவைக் கழித்தால் 265. ஸ்ட்ரட் சற்றுச் சாய்ந்து நிற்பதால் சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்ட்ரட் 9.5 மி.மீ. அளவுக்கே அமுங்குவதாகக் கொண்டால், ஸ்பிரிங் மேல் விழும் பாரம் 265ஐ 0.95ஆல் வகுத்து 279 கிலோ. இதிலிருந்து கார் ஒரு நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்பும் என்று கணக்கிடலாம்: 3 கிலோ ஸ்பிரிங்குக்கு 1.6 ஹெர்ட்ஸ், 4 கிலோவுக்கு 1.85, 5 கிலோவுக்கு 2.05. சாதாரணக் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 வரை இருக்கும். தினசரி ஓட்டவும் வேண்டும், மலைப்பாதையில் இறுக்கமும் வேண்டும் என்றால் 1.6 முதல் 1.9. 2க்கு மேல் போனால் டிராக் கார். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் சுகமாக இருக்கும் அந்தக் கார், திரும்பி வரும் வழியில் பல் கிட்டிக்க வைக்கும்.

அப்படியானால் மென்மையான ஸ்பிரிங் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். ஷாக்கின் மொத்த ஓட்டம் இடம் கொடுக்க வேண்டும். ஒரு குட்டை ஷாக், ராடு ஓட்டம் 120 மி.மீ., பம்ப் ஸ்டாப் உயரம் 30 மி.மீ. என்று வையுங்கள். 4 கிலோ ஸ்பிரிங் காரின் எடைக்கு 279 வகுத்தல் 4, அதாவது 70 மி.மீ. அமுங்கும். மிச்சம் 50. அதில் பம்ப் ஸ்டாப் 30ஐத் தின்றால் சுதந்திரமாக மேலே போக 20 மி.மீ.தான். ஒரு சின்ன ரோட்டுக் குழிக்கே கார் ரப்பர் மேல் உட்கார்ந்துவிடும். அதே ஷாக்கில் 5 கிலோ ஸ்பிரிங் 56 மி.மீ. அமுங்கும், மிச்சம் 64, சுதந்திரம் 34. ஓட்டம் குறைந்த மலிவு கிட்களில் கல் மாதிரி ஸ்பிரிங் வருவதற்குக் காரணம் இதுதான். எனவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "ராடு ஓட்டம் எத்தனை மி.மீ.?" ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழில் எத்தனை கிளிக் என்பது அதற்கு அடுத்தது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சாலையில் ஓடும் காரில் மாற்றம் செய்யும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் பேசிவிடுங்கள். போட்டிக்கான கார் என்றால் இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் வகுப்பு விதியில் என்ன அனுமதி என்று பாருங்கள்.

கழற்றும் முன் அளவெடுங்கள்

நான்கு டயரிலும் குளிர்ந்த நிலையில் ஒரே காற்று. டேங்கில் பாதி பெட்ரோல். ஓட்டுபவர் சீட்டில் அவர் எடைக்குச் சமமாக மூட்டை. தரை சமமா என்று பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களில் வேறுபாடு 2 மி.மீ.க்கு மேல் இருந்தால் பிளைவுட் துண்டு வைத்துச் சமப்படுத்துங்கள்.

ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நேர்மேலே அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் நுழைந்துவிடும். ஜாக்கியிலிருந்து இறக்கிய காரை அப்படியே அளக்கவும் கூடாது. டயர்கள் உள்பக்கமாக இழுபட்டு நிற்கும், கார் 10, 15 மி.மீ. உயரமாகத் தெரியும். முன்னும் பின்னும் இரண்டு மீட்டர் உருட்டி, பானெட்டை நாலு முறை அமுக்கிவிட்டு அளக்க வேண்டும்.

மாட்டுதல்

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். முன்பக்கத்தில் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏ.பி.எஸ். ஒயரையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஆன்டி ரோல் பாரை (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) ஸ்ட்ரட்டோடு இணைக்கும் லிங்க் ராடைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கர ஹப்பைத் தாங்கும் பாகம்) பிடித்திருக்கும் இரண்டு போல்ட்களின் நிலையைப் பெயிண்டால் குறித்துவிட்டுத் தட்டி எடுங்கள். அந்த நொடியில் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். கம்பியால் கட்டிவைக்காவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் இழுபட்டு வெளியே வந்துவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். கடைசியாக மேல் மவுண்ட் நட்டுகள். நடுவில் உள்ள பெரிய ராடு நட்டைக் காரில் இருக்கும்போது தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

மேல் மவுண்ட் சேர்ந்து வரும் கிட் என்றால் ஸ்பிரிங் கம்ப்ரெஸர் தேவைப்படாது. பழைய மவுண்டையே மாற்றிப் போட வேண்டிய கிட்டுக்கு நல்ல கம்ப்ரெஸர் வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் ஷெட்டில் கொடுங்கள்.

பின்பக்கத்தில் பீமை ஜாக்கியால் தாங்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்களையும் எடுத்து, மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். இறக்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மிகமிக அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் புஷ், பீம் புஷ் போல்ட்களைத் தளர்த்தியிருந்தால், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றை இறுதியாக முறுக்கக்கூடாது. ரப்பர் புஷ் உள்குழாயோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும். அதற்கு முன்பே காரைத் தூக்கிப் பிடித்து உயர அளவைப் பொய்யாக்கும். மாறாக, உயரத்தை இறக்கியவர்கள் பழைய போல்ட்களைத் தொடாமலே விட்டாலும் இதே பிரச்சினை மறுபக்கமாக வரும். எனவே புது உயரத்தில், சக்கரங்கள் பாரம் தாங்கி நிற்கும்போது, புஷ் போல்ட்களைத் தளர்த்தி மறுபடி சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள்.

பிரீலோடும் உயரமும்

காலரை மேலே திருப்பி ஸ்பிரிங்கை அமுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று பலர் நம்புகிறார்கள். 4 கிலோ ஸ்பிரிங் எவ்வளவு அமுக்கினாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு 4 கிலோதான் கேட்கும். 10 மி.மீ. பிரீலோடு, அதாவது காரின் எடை ஏறும் முன்பே தரும் அமுக்கம், கொடுத்தால் நடப்பது வேறு: ராடு முழுக்க நீண்டிருக்கும்போதே ஸ்பிரிங்கில் 40 கிலோ சேர்ந்துவிடுகிறது, எனவே காரின் எடைக்கு 70 மி.மீ.க்குப் பதில் 60 மி.மீ.தான் ராடு உள்ளே போகும். மேல் ஓட்டம் 10 கூடுகிறது, கீழ்த் தொங்கல் 10 குறைகிறது, கார் உயர்கிறது. மேலே சொன்ன குட்டை ஷாக் கணக்கில் சுதந்திர ஓட்டம் 20லிருந்து 30 ஆகும். பிரீலோடு என்பது ஓட்டத்தை மேலுக்கும் கீழுக்கும் பங்கிடும் கருவி.

கீழ் பிராக்கெட்டும் மரையில் நகரும் கிட் என்றால் வேலை எளிது. ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டினால் ஆடாத அளவுக்குக் காலரைத் தொட வைத்து, அதற்கு மேல் 3 முதல் 5 மி.மீ. கொடுத்துப் பூட்டுங்கள். உயரத்தைப் பிராக்கெட்டில் மட்டும் மாற்றுங்கள். ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். காலர் மட்டும் நகரும் மலிவு வகையில், நீங்கள் இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் மேல் ஓட்டத்திலிருந்துதான் போகிறது. ஒரு அளவுக்குக் கீழே போனால் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து ‘டக் டக்’ என்று அடிக்கும்.

மரையின் இடைவெளி சில கிட்களில் 1.5 மி.மீ., சிலவற்றில் 2 மி.மீ. பத்து மரைகளின் தூரத்தை வெர்னியரில் அளந்து பத்தால் வகுத்தால் உங்களுடையது தெரிந்துவிடும். முன்னால் 10 மி.மீ. நகர்த்தினால் ஃபெண்டரில் ஏறக்குறைய அதே 10 தெரியும். பின்னால் அப்படியில்லை. பீம் புஷ்ஷிலிருந்து ஸ்பிரிங் நடுவரை உள்ள தூரத்தை, புஷ்ஷிலிருந்து சக்கர அச்சு வரை உள்ள தூரத்தால் வகுங்கள். 0.8 என்று வந்தால் காலரில் 10 மி.மீ. என்பது சக்கரத்தில் 12.5 மி.மீ.

எவ்வளவு இறக்கலாம்? இந்தக் காருக்கு 25 மி.மீ., அதிகபட்சம் 30. முன் லோயர் ஆர்மைக் காரின் முன்னாலிருந்து பாருங்கள்: வெளிப்பக்க பால் ஜாயின்ட் உள்பக்க புஷ்ஷைவிட மேலே போய்விட்டால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். மெக்பெர்சன் அமைப்பில் காரை இறக்கும்போது அதன் எடைமையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் (கார் சாயும்போது சுழலும் புள்ளி) வேகமாக இறங்கும். விளைவு, தாழ்ந்த கார் திருப்பத்தில் முன்பைவிட அதிகமாகச் சாய விரும்பும். கூடவே குழியில் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

வேகத்தடையையும் கணக்கில் எடுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி அமைந்த வட்ட மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். 2450 மி.மீ. வீல்பேஸ் காருக்கு அந்த மேடு வயிற்றை நோக்கி எழும்புவது வெறும் 44 மி.மீ. தாழ்ந்த காரும் தாண்டிவிடும். வில்லங்கம் தெருக்களில் இஷ்டத்துக்குப் போடும் குறுகிய மேடுகளில்தான். இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவே அதன் முழு உயரமும் நிற்கும். இப்போது பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் சாமான், பின் அச்சில் 250 கிலோ கூடுகிறது என்று வையுங்கள். 4 கிலோ பின்ஸ்பிரிங், 0.8 விகிதம் என்றால் பின்பக்கம் 49 மி.மீ. இறங்கும், நடு வயிறு 24. 163இல் 30 இறக்கி, இதையும் கழித்தால் மிச்சம் 109. வெறும் காரில் அழகாக நிற்கும் உயரம் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது என்னவாகும் என்பது இதில் தெரியும். பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 5 முதல் 10 மி.மீ. குறைவாக இறக்குவது அதற்காகத்தான்.

பின் ஷாக்கின் நீளத்துக்கு இரண்டு சோதனை. பீமை முழுக்கத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் இடத்தைவிட்டு விழக்கூடாது. ஜாக்கியால் முழுக்க மேலே தூக்கினால் பம்ப் ஸ்டாப் முதலில் தொட வேண்டும், ஷாக் உள்ளே இடித்து நிற்கக்கூடாது.

100 முதல் 200 கி.மீ. ஓட்டி, எல்லா நட்டையும் டார்க் பார்த்து, மறுபடி அளங்கள். பிறகு அலைன்மென்ட். உயரம் மாறினால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறும், எனவே உயரம் முடியாமல் அலைன்மென்டுக்குப் போவது காசு வீண். முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சாலைக்கு மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, டிராக்குக்கு மைனஸ் 2.5 முதல் 3. டோ பூஜ்யத்துக்கு அருகில். பின் பீமில் திருப்ப எதுவும் கிடையாது, ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால்தான் மாறும்.

எடைக் கருவி கிடைத்தால் மூலை எடை, அதாவது ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் விழும் எடை, பாருங்கள். நம் ஊரில் ஓட்டுபவர் வலப்பக்கம். முன் வலது 300, முன் இடது 288, பின் வலது 190, பின் இடது 172 என்று வந்தால் முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 472, மொத்தத்தில் 49.7 சதவீதம். இது நல்ல நிலை. 50இலிருந்து ஒன்றுக்கு மேல் விலகினால் ஆன்டி ரோல் பார் லிங்கைக் கழற்றிவிட்டு, ஒரு மூலையை அரைச் சுற்று உயர்த்துங்கள். அந்த மூலையிலும் அதற்குக் குறுக்கே உள்ள மூலையிலும் எடை கூடும். இடது, வலது மொத்தத்தை இதனால் மாற்ற முடியாது.

கிளிக்

கடிகாரத் திசையில் மெதுவாகத் திருப்பி, தானாக நிற்கும் இடம் முழு இறுக்கம். அதற்கு மேல் அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வின் இருக்கை கெட்டுவிடும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எண்ணிக்கை எப்போதும் இறுக்கத்திலிருந்துதான், ஏனென்றால் தளர்ந்த முனையில் கிளிக்குகளின் எண்ணிக்கை ஷாக்குக்கு ஷாக் வேறுபடும்.

ஒரே குமிழ் உள்ள ஷாக் பெரும்பாலும் ரீபவுண்டைத்தான் (அமுங்கிய ஷாக் திரும்ப நீளும்போது தரும் எதிர்ப்பு) அதிகம் மாற்றும். இரண்டு கி.மீ. தூரம் ஒரு சாலையைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு நீண்ட மேடுபள்ளம், ஒட்டுப் போட்ட தார், ஒரு திருப்பம் இருக்க வேண்டும். முழுத் தளர்வில் ஆரம்பியுங்கள். மேட்டைத் தாண்டியதும் முன்பக்கம் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும். இரண்டு கிளிக் இறுக்குங்கள், அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கம், அதே முறை.

அதற்கும் மேல் இறுக்கினால் என்ன ஆகும் என்பது வரிசையாக வரும் குழிகளில் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் ஸ்பிரிங் அமுங்குகிறது, ஷாக் அதை நீள விடுவதற்குள் அடுத்த குழி வந்துவிடுகிறது. கார் படிப்படியாகக் கீழே இறங்கி, நான்காவது குழியில் பம்ப் ஸ்டாப்பில் ‘தட்’ என்று இடிக்கும். ஓட்டுபவர் “ஷாக் சாஃப்டா இருக்கு” என்று நினைத்து இன்னும் இரண்டு கிளிக் இறுக்குவார். மருந்து அதற்கு நேர் எதிர்.

மழையில் முன்னும் பின்னும் இரண்டு மூன்று கிளிக் தளர்த்துங்கள். திருப்பத்தில் முன்பக்கம் வெளியே வழுக்கினால் முன்பக்கத்தைத் தளர்த்திப் பாருங்கள், அல்லது பின்பக்கத்தை இறுக்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாது.

அடுத்த கட்டம்

ஷாக் ராடில் ஒரு சின்ன கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, ஷாக் பாடி வரை கீழே தள்ளிவிட்டு ஓட்டி வாருங்கள். ராடு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு மேலே அது தள்ளப்பட்டிருக்கும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் இதைவிட நேர்மையான கருவி சஸ்பென்ஷன் வேலையில் இல்லை. ஒவ்வொரு ஓட்டத்திலும் பம்ப் ஸ்டாப்பை நசுக்கியிருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள், அல்லது ஸ்பிரிங்கை ஒரு கிலோ கூட்டுங்கள். சாலைக் காருக்கு, நிற்கும் நிலையில் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன் 40 மி.மீ. வைத்திருப்பது நல்லது, டிராக்குக்கு 25 முதல் 30 போதும். பம்ப் ஸ்டாப்பை மொத்தமாக வெட்டி எறிபவர்கள் உண்டு. அதன் பிறகு இடிப்பது உலோகத்தோடு உலோகம், ஷாக்கின் அடி வால்வு உடையும்.

ஸ்பிரிங்கை 4லிருந்து 5க்கு மாற்றினால் ரீபவுண்டும் கூட வேண்டும். முழு இறுக்கத்திலும் ஊஞ்சலாட்டம் நிற்கவில்லை என்றால் கிளிக்கின் எல்லை முடிந்தது. ஷாக்கைத் திறந்து, உள்ளே எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஷிம் தகடுகளை மாற்ற வேண்டும். அதைச் செய்யும் இடத்தில் டைனோ (ஷாக்கின் எதிர்ப்பை அளக்கும் இயந்திரம்) இருந்தால் இடது, வலது வரைபடங்களை ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சத்தங்கள்: ஸ்டியரிங் திருப்பும்போது ‘டொய்ங்’ என்றால் ஸ்பிரிங் தட்டில் முறுக்கிக்கொண்டு விடுகிறது, மேல் பேரிங்கைப் பாருங்கள். சின்னக் குழியில் ‘டக்’ என்றால் பெரும்பாலும் லிங்க் ராடு அல்லது நடு நட்டு. உலோக பால் வைத்த கேம்பர் பிளேட் புதிதிலேயே கொஞ்சம் பேசும், தேய்ந்தால் கத்தும். ராடில் லேசான எண்ணெய்ப் படலம் இயல்பு, பாடியில் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது.

மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, மரைகளில் ஏறிய சேற்றைத் தண்ணீர் விட்டு நைலான் பிரஷால் கழுவி, உலர்ந்த பின் மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். அலுமினியக் காலர் இரும்பு மரையில் பிடித்துக்கொண்டால் ஹூக் ஸ்பேனரால் அதை அசைக்க முடியாது, காலரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு முறை பூட்டுக் காலரைத் தளர்த்தி, ஒரு சுற்று கீழும் மேலும் ஓட்டி, அதே இடத்தில் திரும்பப் பூட்டுங்கள். திருப்பும் முன் மரையில் எத்தனை தெரிகிறது என்று அளந்து, கிளிக் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.